அண்ணாந்தார் வீட்டு அம்பிகை

போன மாதம் கனடாவிலிருந்து நாகு தொலைபேசி எடுத்தாள். நாகு என்றால் நாகபூசணி, என் கூட்டாளி அம்பிகையின் ஒரே மகள். சுகம் விசாரித்து முடிய முன்னமே ஒரு கேள்வி கேட்டாள்.

"மனோ அன்ரி, எங்கடை அம்மப்பாவும் அண்ணாந்துதான் பாக்கிறவரோ?"

எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. "பிள்ளை, உன்ரை அம்மப்பான்ரை பேரே அண்ணாந்தார் எண்டுதான். வைத்திலிங்கம் எண்டு கேட்டால் நாரந்தனையிலை ஒருத்தருக்கும் தெரியாது" என்றேன்.

அவள் சிரிக்கவில்லை. "அப்ப மூண்டு தலைமுறை. டொக்டர் அதைத்தான் கேட்டவர். அம்மா இருந்தால் அம்மாவிட்டைக் கேட்டிருப்பன்" என்றாள். பிறகு, தன் இரத்தத்தைச் சோதித்த விஷயத்தையும் அதில் கண்டுபிடித்த விஷயத்தையும் ஆறுதலாகச் சொல்லத் தொடங்கினாள். நான் குசினிக் கதிரையில் இருந்து கேட்டேன். அடுப்பில் வைத்த கறி அடிப்பிடித்தது. பிடிக்கட்டும் என்று விட்டுவிட்டேன்.

அன்று முழுக்க எனக்கு அம்பிகை நினைவுதான். கூடவே கோபமும். யாரோடு கோபம் என்று கேட்டால், பாதிப் பேர் செத்துப் போனார்கள், மீதிப் பேர் லண்டனிலும் பாரிசிலும் பேரப்பிள்ளைகளைப் பார்த்துக்கொண்டு இருக்கிறார்கள். யாரைப் பிடித்துச் சண்டை போடுவது? அதனால்தான் இதை எழுதுகிறேன்.

அம்பிகை எங்கள் அடுத்த வளவு. இரண்டு வளவுக்கும் நடுவிலே ஒரு கிடுகு வேலி, அதில் நாங்கள் இருவரும் புகுந்து புகுந்தே உண்டாக்கின ஒரு பொட்டு. நிறம் நல்ல நிறம், தலைமயிர் இடுப்புக்குக் கீழே. கண் மட்டும் எப்போதும் பாதி மூடினபடி, நித்திரையால் இப்போதுதான் எழும்பினவள் போல இருக்கும். யாரோடு கதைத்தாலும் நாடியை உயர்த்தி, தலையைப் பின்னுக்குச் சாய்த்து, அந்தப் பாதிக் கண்ணால் பார்ப்பாள். பெரியவர், சின்னவர், ஐயர், அதிபர் என்று ஒரு வித்தியாசமும் இல்லை. எல்லாருக்கும் அதே பார்வைதான்.

அதைத் தலைக்கனம் என்று எண்ணி ஊர் ஒரு பெயர் வைத்திருந்தது. எடுப்பு. "அண்ணாந்தாற்றை பெட்டைக்குச் சரியான எடுப்பு" என்று கிணற்றடியில் சொல்வார்கள், கோயில் வீதியில் சொல்வார்கள்.

பகிடி என்னவென்றால், அவளுடைய தகப்பனுக்கும் அச்சொட்டாக அதே கண், அதே நாடி. அவருக்கு ஊர் என்ன செய்தது தெரியுமோ? அந்த முகத்தில் ஒரு கம்பீரம் இருக்கிறது என்று சொல்லி அவரைக் கோயில் பரிபாலன சபைக்குத் தலைவராக்கியது. கூட்டத்தில் இரண்டு பகுதிக்கும் வாய்த்தர்க்கம் முற்றினால் அவர் எழும்பி நாடியை உயர்த்திப் பார்ப்பார். சனம் அடங்கிவிடும். மனுஷன் பாவம், யார் கத்துகிறார்கள் என்று பார்க்கத்தான் நாடியை உயர்த்தினார். ஆம்பிளைக்கு இருந்தால் கம்பீரம், பொம்பிளைக்கு வந்தால் எடுப்பு. எங்கள் ஊரின் நியாயத் தராசு அப்படி.

தை மாதம் பட்டம் ஏற்றுகிற காலத்தில் நாங்கள் எல்லாரும் வயல் வெளியில் நின்று அண்ணாந்து பார்ப்போம். அம்பிகை மட்டும் வெட்டின வயலில் வைக்கோலைப் பரப்பி மல்லாந்து படுத்துவிடுவாள். "எழும்படி சோம்பேறி, சட்டை எல்லாம் ஊத்தை" என்று நான் காலால் தட்டுவேன். "இப்பிடிக் கிடந்தால்தான் வானம் முழுக்க வரும்" என்பாள். நானும் சில நாள் பக்கத்தில் படுத்தேன். உண்மைதான், வானம் முழுக்க வந்தது. அவளுக்கு அது ஆசைக்குச் செய்கிற வேலை இல்லை, அதைவிட வேறு வழி இல்லை என்று எனக்கு எங்கே தெரியும். அந்த வைக்கோல் மணம் இப்போதும் எனக்கு நினைவிருக்கிறது.

கலியாணப் பேச்சு தொடங்கியதும்தான் சங்கடம் வந்தது. முதல் பகுதி கோயிலில் வைத்துப் பொம்பிளை பார்த்தது. தேர்முட்டியடியில் மாப்பிளையின் தாய் நின்றா. அம்பிகை வழமைபோல நாடியை உயர்த்தி அந்த மனுஷியைப் பார்த்தாள். அவ்வளவுதான். "நாங்கள் பொம்பிளை பாக்க வந்தமோ, பொம்பிளை எங்களைப் பாக்க வந்தவவோ?" என்று கேட்டுவிட்டு அந்த மனுஷி அர்ச்சனைத் தட்டையும் வாங்காமல் போய்விட்டா.

இரண்டாம் பகுதி வீட்டுக்கு வந்தது. இந்த முறை அம்பிகையின் தாய் உள்ளே வைத்து அவளை உறுக்கி அனுப்பினா: "தலையைக் குனிஞ்சுகொண்டு போ. நிமிர்ந்தியோ, கொண்டுபோடுவன்." அம்பிகை சொன்ன சொல் தட்டாத பிள்ளை. தேத்தண்ணித் தட்டத்தைத் தூக்கிக்கொண்டு, நாடி நெஞ்சில் முட்டக் குனிந்துகொண்டு விறாந்தைக்குப் போனாள். போனவள் நிற்கவில்லை. நேரே போய் மாப்பிளையின் தகப்பனுடைய முழங்காலில் முட்டினாள். ஐந்து கோப்பைத் தேத்தண்ணியும் அந்த மனுஷனின் பட்டு வேட்டியில். மனுஷன் கதிரையோடு துள்ளினார். "வேணுமெண்டு ஊத்தினவ" என்று சொல்லிக்கொண்டு அந்தப் பகுதியும் படலையைத் தாண்டியது.

அன்று பின்னேரம் வேலிப் பொட்டுக்குள்ளால் வந்து என் தோளில் விழுந்து அழுதாள். "குனிஞ்சுதானே போனனான், மனோகரி" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள். அது உண்மை என்று எனக்கும் தெரியும். ஆனால் குனிந்தால் ஏன் முட்ட வேண்டும் என்று நான் கேட்கவில்லை. யாருமே கேட்கவில்லை. நோய் என்றால் வைத்தியரிடம் போகலாம். எடுப்புக்கு யார் மருந்து தருவது?

எண்பத்து மூன்றாம் ஆண்டு ஆடிக் கலவரத்தில் தென்பகுதிக் கடைகள் எரிந்தன. அதில் எரிந்த கடை ஒன்றில்தான் தில்லைநாதன் மாமனோடு வியாபாரம் செய்துகொண்டிருந்தார். நெடுந்தீவு ஆள். அகதி முகாமில் இருந்து, சரக்குக் கப்பலில் காங்கேசன்துறைக்கு வந்து, உடுத்த சாரத்தோடு ஊர் சேர்ந்தவர். அவருக்கு அம்பிகையைப் பேசினார்கள். பொம்பிளைக்கு எடுப்பு என்று யாரோ போய்ச் சொல்லியும் விட்டார்கள். அவர் வந்து பார்த்தார். அம்பிகை இந்த முறை நாடியை உயர்த்தித்தான் பார்த்தாள், தேத்தண்ணி ஊற்றியதோடு அவளுக்கும் அலுத்துப் போயிருந்தது.

"முகாமிலை எல்லாரும் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டுதான் இருந்தது. இவ ஒராளாவது நிமிர்ந்து நிக்கிறா. எனக்கு இது போதும்" என்றார் தில்லைநாதன்.

அந்த ஒரு சொல்லுக்காகவே அந்த மனுஷனில் எனக்குக் கடைசி வரைக்கும் ஒரு மதிப்பு.

அடுத்த வருஷம் கலியாணம். தோழியாக நின்றவ மாப்பிளையின் தமக்கை இராசேஸ்வரி. தாய் இல்லாத தம்பியைத் தூக்கி வளர்த்தவ, பிள்ளைகள் இல்லாதவ, கண்டிப்பான மனுஷி. மணவறையில் அம்பிகையின் பிடரியில் கை வைத்து, "குனியும். இன்னும் குனியும்" என்று அமத்திக்கொண்டே இருந்தா. நான் பின்னால் நின்று கொண்டைமாலையைச் சரிசெய்கிற சாட்டில் காதுக்குள் சொன்னேன்.

"எடி, தலை குனிஞ்சபடியே இருக்கட்டும். கண்ணை மட்டும் மேலை உயத்து. மாப்பிளை தெரிவார்."

எல்லாப் பொம்பிளையும் மணவறையில் செய்கிற களவுதானே அது.

"கண்ணை உயத்திறதோ? அதெப்பிடி?" என்று கேட்டாள் அம்பிகை.

பகிடி விடுகிறாள் என்று நினைத்து முதுகில் ஒரு நுள்ளு நுள்ளினேன். அவள் பகிடி விடவில்லை. "கலியாணத்திலை நான் கண்டது அவற்றை கால் பெருவிரலை மட்டுந்தான். நகம் ஒண்டு வெடிச்சிருந்தது" என்று பிறகு சொன்னாள்.

இனி நாகு தொலைபேசியில் சொன்னதைச் சொல்ல வேண்டும். நான் படித்தது பத்தாம் வகுப்பு. விளங்கினபடி சொல்கிறேன்.

பிள்ளை வயிற்றில் உருவாகிற இரண்டாம் மாத அளவிலேயே, மூளையின் அடியிலிருந்து கண்ணைப் பார்த்து நரம்பு இழைகள் புறப்படுமாம். ஒவ்வோர் இழையின் நுனியும் சின்ன விரல்களை விரித்து, இந்தப் பக்கமோ அந்தப் பக்கமோ என்று தடவித் தடவிப் போகுமாம். நுனி வளர வேண்டிய சாமான்கள் பெரும்பாலும் பின்னால், இழை புறப்பட்ட இடத்தில்தான் செய்யப்படுகின்றன. அவற்றை முன்னுக்குக் கொண்டுபோக இழைக்குள்ளே நீள நீளமாகத் தண்டவாளங்கள் உண்டு. அந்தத் தண்டவாளத்தில் சுமையைத் தூக்கிக்கொண்டு இரண்டு காலால் நடக்கிற புரதங்கள் இருக்கின்றன. மோட்டார்ப் புரதம் என்று பெயர்.

"இரண்டு காலாலையோ? விசர்க்கதை கதையாதை" என்றேன்.

"உண்மையா அன்ரி. ஒரு காலை வைச்சிட்டுத்தான் மற்றக் காலை எடுக்கும், எங்களைப்போலை."

அந்தப் புரதங்களில் ஒன்றுதான் அம்பிகையின் கதைக்குரியது. கிஃப் இருபத்தொன்று ஏ என்பது அதன் பெயர். யாரும் பிள்ளைக்கு அப்படிப் பெயர் வைப்பார்களோ? அதற்கு நடக்கிற வேலை மட்டும் இல்லை. தண்டவாளத்தின் நுனிக்குப் போய், "பொறு, இப்ப நீளாதை" என்று பிடித்து வைக்கிற வேலையும் உண்டு. அந்தப் பிடி இருந்தால்தான் நரம்பின் நுனி கண்ட கண்ட பக்கம் ஓடாமல் சரியான இடத்துக்குப் போய்ச் சேருமாம். வேலை இல்லாத நேரம் அந்தப் புரதம் தன்னைத் தானே மடித்துப் பூட்டிக்கொண்டு கிடக்கும். அம்பிகையின் பரம்பரையில் அந்தப் பூட்டு இளக்கம். மடிந்து கிடக்க வேண்டியது மடியாமல் எந்த நேரமும் எழும்பி நின்று, தேவையில்லாத இடத்திலும் பொறு பொறு என்கிறது. அதனால் கண்ணை மேலே தூக்குகிற தசைக்கும், இமையைத் தூக்குகிற தசைக்கும் போக வேண்டிய கிளை போய்ச் சேராமல் வழியில் நின்று நுனி தடித்துவிடுகிறது. எலிகளில் அப்படித்தான் கண்டிருக்கிறார்களாம்.

"பனங்கிழங்கு மாதிரியோ?" என்று கேட்டேன். பாத்தியில் போட்ட பனங்கொட்டையின் முளை கீழே கீழே இறங்கும். அடியில் கல் இருந்தால் இறங்க ஏலாமல் பாதியில் கட்டையாகத் தடித்து நிற்கும். நாங்கள் அதைக் காயவைத்து ஒடியலாக்கவும் எடுக்க மாட்டோம்.

நாகு கொஞ்சம் யோசித்தாள். "ஓம் அன்ரி, கிட்டத்தட்ட அப்பிடித்தான். ஆனால் கல்லு மண்ணுக்குள்ளை இல்லை. கிழங்குக்குள்ளையே இருக்கு."

நரம்பு போய்ச் சேராத தசை நாராகிவிடும். கண் கீழே பார்த்தபடியே நின்றுவிடும், இமையும் பாதிக்கு மேல் எழும்பாது. பார்வையில் ஒரு குறையும் இல்லை. ஆனால் முன்னால் நிற்கிறவரின் முகத்தைப் பார்க்க வேண்டுமென்றால் நாடியை உயர்த்துவதைத் தவிர வேறு வழி கிடையாது. குனிந்தால் காலடி நிலம் மட்டும்தான். எங்கள் ஊர் எடுப்பு என்று பெயர் வைத்தது இதற்குத்தான்.

எண்பத்தைந்தில் நாகு பிறந்தாள். பிறந்த பிள்ளை கண் திறக்கவில்லை என்று முதலில் பயந்தோம். பிறகு பாதி திறந்தது, அதற்கு மேல் திறக்கவில்லை. நடக்கத் தொடங்கியதும் பிள்ளை நாடியை உயர்த்தியது. அந்தப் பிஞ்சுக் கழுத்தைப் பின்னுக்குச் சாய்த்துக்கொண்டு முற்றத்தில் தத்தித் தத்தி வரும். எனக்கு அள்ளிக் கொஞ்ச வேண்டும் போல இருக்கும். ஊருக்கு அப்படி இருக்கவில்லை. "தாயைப் பாத்துப் பழகுது. இப்பவே எடுப்பு" என்றார்கள்.

பழகுகிறது. அந்தச் சொல்தான் அம்பிகையின் நெஞ்சில் போய்த் தைத்தது. தனக்கு நடந்ததெல்லாம் மகளுக்கும் நடக்கும், அதற்குத் தானே காரணம் என்று முழுதாக நம்பிவிட்டாள். பிள்ளைக்கு முன்னால் நிமிராமல் இருக்கத் தொடங்கினாள். குனிந்தபடி சோறு தீத்தினாள், கவளம் பிள்ளையின் வாயைத் தேடி மூக்கிலும் காதிலும் பட்டது. குனிந்தபடி குசினிக்குள் நடந்தாள், அடுப்படியில் கையைச் சுட்டாள், நிலையில் தலையை அடித்துக்கொண்டாள். நெற்றியில் எந்த நாளும் ஒரு வீக்கம். "உனக்கென்ன விசரோ?" என்று நான் கத்தினேன். "அவள் பழகக் கூடாது மனோகரி. பழகினால் அவளையும் ஒருத்தரும் கட்டமாட்டினம்" என்றாள். அவ்வளவு பாடுபட்டும் பிள்ளையின் நாடி இறங்கவில்லை.

நாகுவுக்கு இரண்டு வயதான கையோடு இராசேஸ்வரி நெடுந்தீவிலிருந்து வந்தா. வந்து ஒரு கிழமை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, தம்பியையும் அம்பிகையையும் கூப்பிட்டு இருத்தினா. நானும் இருந்தேன்.

"அம்பிகை, நான் உம்மைக் குறை சொல்ல வரேல்லை. ஆனால் பிள்ளை உம்மடை முகத்தைப் பாத்துத்தான் வளருது. என்னோடை கொஞ்சக் காலம் இருக்கட்டும். தலை குனியப் பழகின உடனை நானே கொண்டுவந்து விடுவன். இது சத்தியம்."

தில்லைநாதன் நிலத்தைப் பார்த்துக்கொண்டு இருந்தார். தமக்கைக்கு எதிராக ஒரு நாளும் வாய் திறக்காதவர் அவர். ஊர்காவற்றுறைச் சங்கக்கடையில் வேலைக்குச் சேர்ந்திருந்தார். எழும்பி, வேலைக்கு நேரமாச்சு என்று போய்விட்டார். எனக்கு அந்த மனுஷி மேல் வந்த ஆத்திரத்துக்கு அளவில்லை. "பால்குடிப் பிள்ளையைத் தாயிட்டையிருந்து பிரிக்கிறதோ?" என்று வாய் திறந்தேன். அம்பிகை என் கையைப் பிடித்தாள்.

"மச்சாள் கொண்டுபோகட்டும்" என்றாள்.

அந்தப் பேரம் எப்படிப்பட்டது என்று இப்போதுதான் விளங்குகிறது. பிள்ளை குனியப் பழகினால் தாயிடம் வரும். பழகாவிட்டால் வராது. குனிந்தால் கண் தெரியாத பிள்ளைக்கு அந்தப் பேரம். வழியில் நின்றுபோன ஒரு நரம்பு, அதைக் கெஞ்சினாலும் உறுக்கினாலும் வந்து சேருமோ? அது எங்கள் ஒருவருக்கும் தெரியாது.

நாகு போன கொஞ்ச மாதத்தில் இந்திய இராணுவத்தோடு சண்டை தொடங்கியது. நெடுந்தீவுக்கு மோட்டார் வள்ளம் ஓடும், ஓடாது. ஓடுகிற நாளிலும் அம்பிகை போகவில்லை. "நீர் வந்து முகத்தைக் காட்டினால் பழகினதும் விட்டுப்போகும்" என்று இராசேஸ்வரி சொல்லி அனுப்பியிருந்தா. வள்ளக்காரரிடம் பனங்காய்ப் பணியாரம் செய்து கொடுத்துவிடுவாள். திரும்பி வருகிற ஆளிடம் கேட்கிற கேள்வி ஒன்றுதான்: "பிள்ளை குனியிறாளோ?" இல்லை என்றால் அன்று அவளுக்குச் சோறு இறங்காது.

நயினாதீவு அம்மாளாச்சிக்கு நேர்த்தி வைத்தாள். நானும் கூடப் போனேன். சன்னிதியில் எல்லாரும் குனிந்து கும்பிட, இவள் மட்டும் நாடியை உயர்த்தி அம்மாளை நேருக்கு நேர் பார்த்துக்கொண்டு நின்றாள். கண்ணீர் கழுத்து வழியே ஓடியது. "என்ரை பிள்ளை குனியப் பழக வேணும் தாயே" என்று வாய்விட்டுச் சொன்னாள். பக்கத்தில் நின்ற ஒரு கிழவி இவளைப் பார்த்து முகத்தைச் சுழித்தா. நான் அந்தக் கிழவியை முறைத்தேன்.

பிள்ளை திரும்பி வந்த கதையைக் கடைசியில் சொல்கிறேன், அதற்குப் பிறகு நடந்தவற்றை முதலில் ஒரு மூச்சில் சொல்லிவிடுகிறேன். தொண்ணூறாம் ஆண்டு ஆவணியில் நாங்கள் எல்லாரும் சண்டைக்குப் பயந்து, நாரந்தனை இருக்கிற தீவை விட்டு வெளிக்கிட்டோம். யாழ்ப்பாணத்தில் பக்கத்துப் பக்கத்து வீடுகளில் ஐந்து வருஷம் இருந்தோம். தொண்ணூற்றைந்தில் இராணுவம் நெருங்க, யாழ்ப்பாணத்தோடு வலிகாமத்துச் சனம் முழுக்கத் தென்மராட்சிக்கு நடந்தது. நாவற்குழிப் பாலத்தில் கூட்டத்துக்குள் அம்பிகை வீட்டாரைத் தவறவிட்டுவிட்டேன். அழுதுகொண்டு திரும்பிப் பார்க்கிறேன், அத்தனை சனமும் மூட்டையோடு தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு நடக்க, இரண்டு நாடிகள் மட்டும் உயர்ந்து வருகின்றன. ஒன்று தாய், ஒன்று மகள். அந்த அடையாளத்தைப் பிடித்துக்கொண்டு போய்ச் சேர்ந்தேன். நாகு பிறகு கனடாவுக்குப் போனாள், இமைக்குச் சத்திரசிகிச்சை செய்தாள், படித்தாள், கலியாணமும் கட்டினாள். அம்பிகையை நாலு வருஷத்துக்கு முன்னம் புற்றுநோய் கொண்டுபோனது. அந்தப் புரதத்தின் பெயரைக் கேட்காமலே போய்விட்டாள். அதுதான் எனக்குப் பெரிய துக்கம். கேட்டிருந்தால் நிச்சயம் சிரித்திருப்பாள்.

ஆனால் அவள் ஒன்றும் அறியாமல் போகவில்லை. ஒரு விஷயம் அவளுக்கு ஒரு நாள் தெரியவந்தது. அதுவும் நான் பக்கத்தில் இருக்கத்தான்.

எண்பத்தொன்பதாம் ஆண்டு, பங்குனி வெயில். இராசேஸ்வரி பிள்ளையோடு வருகிறா என்று செய்தி வந்தது. தில்லைநாதனுக்குக் கடையில் லீவு கிடைக்கவில்லை. அம்பிகையும் நானும் பஸ் எடுத்துக் குறிகட்டுவான் துறைக்குப் போனோம். வள்ளம் வந்து கட்டினதும் இராசேஸ்வரி முதலில் இறங்கி வந்தா. கறுத்து, மெலிந்து, ஆளே மாறியிருந்தா. அம்பிகையின் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டா.

"குனியப் பழகீட்டாள், அம்பிகை. சொன்னபடி கொண்டுவந்திட்டன்" என்றா. "போன கிழமை கோயிலிலை கைநழுவிப் போயிட்டாள். நான் தேடிக்கொண்டு போறன், எனக்கு முன்னாலை, ரண்டு முழம் தள்ளித்தான் நிக்கிறாள். நான் சொல்லிக் குடுத்தபடி நல்லாக் குனிஞ்சுகொண்டு நிக்கிறாள். குனிஞ்சபடி மாமி, மாமி எண்டு கத்துறாள். எனக்கு நேரே நிண்டு என்னைக் காணாமல் கத்துறாள். நிமிர்ந்தால் நான் ஏசுவன் எண்ட பயத்திலை நிமிரவும் இல்லை. எனக்கு இந்தப் பழக்கம் வேண்டாம். உம்மடை பிள்ளையை நீரே வைச்சிரும்."

அம்பிகை அவவைக் கட்டிப்பிடித்தாள். எனக்கோ அந்த மனுஷியோடு அதற்குப் பிறகு கோபிக்க முடியவில்லை. கோபத்தை வைத்திருந்து பழகின எனக்கு அது ஒரு நட்டம் போலவே இருந்தது.

நாகுவை வள்ளக்காரர் ஒருவர் தூக்கி இறக்கிவிட்டார். நாலு வயதுப் பிள்ளை, வெள்ளைச் சட்டை, நாடி நெஞ்சில் முட்டக் குனிந்தபடி. ஆட்களின் கால்களுக்கு நடுவே கையை நீட்டித் தடவித் தடவி வந்தாள். அம்பிகை அப்படியே சீமெந்துத் தரையில் முழந்தாளிட்டாள்.

"நிமிர்ந்து பார் ராசாத்தி. ஒருத்தரும் ஏசமாட்டினம். நிமிர்ந்து பார்."

பிள்ளை மெல்ல மெல்ல நாடியை உயர்த்தியது. எதிரே, அதே மாதிரி உயர்ந்த ஒரு நாடி, அதே பாதிக் கண். இரண்டு வயதில் பார்த்த முகம் நினைவிருக்கும் என்று நான் நம்பவில்லை. நாகு கையை நீட்டித் தாயின் நாடியைத் தொட்டாள், பிறகு தன்னுடையதைத் தொட்டாள். "அம்மா" என்றாள்.

இராசேஸ்வரி அந்த வள்ளத்திலேயே திரும்பிப் போய்விட்டா. நாங்கள் பஸ்ஸில் ஏறி இருந்தோம். பிள்ளை தாயின் மடியில் இருந்துகொண்டு கதை கேட்டது.

"அம்மா, குனிஞ்சால் உங்களுக்கும் ஒண்டும் தெரியாதோ?"

"தெரியாது பிள்ளை. நிலம் மட்டுந்தான் தெரியும். குனிஞ்சால் ஒருத்தருக்கும் வேறை ஒண்டும் தெரியாதுதானே" என்றாள் அம்பிகை.

"இல்லை அம்மா. மாமிக்குத் தெரியும். மாமி குனிஞ்சு தேங்காய் திருவிக்கொண்டு என்னைப் பாக்கிறவ. தலை வராது. கண் மட்டும் மேலை வரும்."

அம்பிகை சிரித்தாள். சிரித்துக்கொண்டே என் பக்கம் திரும்பினாள். நான் சிரிக்காததைக் கண்டு அவளுடைய சிரிப்பு நின்றது.

"மனோகரி, பிள்ளை என்ன சொல்லுது?"

மணவறையில் அவள் கேட்ட கேள்வி அப்போதுதான் எனக்கு ஞாபகம் வந்தது. தலையை நன்றாகக் குனிந்தேன். குனிந்தபடியே கண்ணை மட்டும் உயர்த்தி அவளுடைய முகத்தைப் பார்த்தேன். அவள் உடம்பைச் சரித்து, நாடியை உயர்த்தி, எட்டி என் கண்ணுக்குள் உற்றுப் பார்த்தாள்.

"இப்ப நான் தெரியிறனோ?"

"ஓம்."

"முழுக்கவோ?"

"ஓமடி. முழுக்க."

"எல்லாருக்கும் இப்பிடியோ?"

"எல்லாருக்கும்."

பஸ் புங்குடுதீவைக் கடந்தது. பாலத்தில் ஏறினதும் உப்புக் காற்று அடித்தது. பிள்ளையின் தலையைத் தடவிக்கொண்டு, கோபம் ஒன்றும் இல்லாத குரலில் சொன்னாள்.

"அப்ப நீங்கள் எல்லாரும் பாத்துக்கொண்டோ குனிஞ்சு நிண்டனியள்? நான் நினைச்சன், குனிஞ்சால் எல்லாருக்கும் இருட்டுத்தான், ஊரிலை இருக்கிற பொம்பிளையள் எல்லாரும் அந்த இருட்டைப் பொறுத்துக்கொண்டு நிக்கினம், எனக்கு மட்டுந்தான் அந்தப் பொறுமை இல்லை எண்டு. உங்களை எல்லாம் எவ்வளவு பெரிய ஆக்கள் எண்டு நினைச்சிருந்தன் மனோகரி."

பஸ்ஸில் சனம் இருக்கிறது என்றும் பாராமல் அழுதேன். அவள் அழவில்லை. மடியில் இருந்த பிள்ளையின் நாடிக்குக் கீழே ஒரு விரலைக் கொடுத்து இன்னும் கொஞ்சம் உயர்த்திவிட்டாள்.

"நல்லா நிமிர்ந்திரு பிள்ளை. அங்கை பார், கடல்."

இரண்டு பேரும் யன்னலால் கடலைப் பார்த்துக்கொண்டு வந்தார்கள். வேலணையில் இறங்கி நாங்கள் அடுத்த பஸ் எடுத்தோம்.